கரவாகு வட்டைக்கு எத்தனை எம்எம்?

சாய்ந்தமருதில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பது என் தொழில். வயல்வெளியான வட்டையிலும் சதுப்பான வில்லுகளிலும் பறவைகளைத் தேடிப் போவது அந்தத் தொழில் தந்த வருமானத்தில் நான் வளர்த்த ஆசை. இரண்டுக்கும் ஒரே கெமரா போதும். லென்ஸ்தான் போதாது. நிக்காஹ் மேடையில் மாப்பிள்ளையின் முகத்தை அழகாகப் பிடிக்கும் 70-200 எஃப் 2.8 லென்ஸை வயலுக்குக் கொண்டுபோனால் கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். அந்தப் புள்ளியைப் பார்த்து மனம் வெறுத்த பொடியன்மார் எல்லோரும் என் ஸ்டூடியோவுக்கு ஒரே கேள்வியோடு வருகிறார்கள்.

“காக்கா, அறுநூறு எம்எம் எடுத்தாச் சரிதானே?”

“எங்க நிண்டு எடுக்கப் போறீங்க தம்பி?” என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் வந்த பிறகுதான் லென்ஸைப் பற்றிப் பேச முடியும்.

எங்கள் ஊரின் கிடையைச் சொன்னால் இது விளங்கும். கிழக்கே கடல். அதையடுத்து நெருக்கமான வீடுகள், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பிரதான வீதி, மறுபடியும் வீடுகள். மேற்கே சுனாமிக்குப் பிறகு எழுந்த வொலிவேரியன் கிராமத்தின் பக்கம் போனால் கரவாகு வட்டை விரிந்து கிடக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழும்பி ஊருக்கு மேலால் வந்து வயலில் விழுகிறது. வயலின் கிழக்கு ஓரத்தில் மேற்கைப் பார்த்து நிற்பவனுக்கு வெளிச்சம் முதுகுப் பக்கம். எதிரே நிற்கும் பறவையின் ஒவ்வொரு இறகும் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். கடற்கரையில் இது தலைகீழ். காலையில் ஆலாக்களும் செம்பருந்தும் சூரியனுக்கு எதிரே பறக்கும். அஸருக்குப் பிறகு போனால்தான் அவற்றின் நிறம் கிடைக்கும். ஆகவே வட்டைக்குக் காலை, கடற்கரைக்கு மாலை. இந்த ஒழுங்கை விளங்கிக்கொண்டவர், விலை குறைந்த லென்ஸிலும் நல்ல படம் எடுப்பார்.

வட்டையில் காலை என்றால் விடிந்ததிலிருந்து எட்டரை, ஒன்பது மணி வரைக்கும்தான். வெயில் ஏறியதும் வரம்பும் கிறவல் பாதையும் சூடாகி, அவற்றுக்கு மேலே நிற்கும் காற்று நெளியத் தொடங்கும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. 600-இல் நாற்பது மீற்றருக்கு அப்பால் நிற்கும் நாரையை எடுத்துக் கணினியில் பெரிதாக்கினால் இறகெல்லாம் கரைந்து கிடக்கும். லென்ஸ் பழுது என்று சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். மறுநாள் விடியற்காலையில் அதே லென்ஸால் அதே நாரையை எடுக்கச் சொல்வேன். படம் துல்லியமாக வரும். எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய கண்ணாடியானாலும் இடையிலுள்ள காற்றைத் திருத்தாது. லென்ஸ் நீள நீள இந்தக் காற்றின் தொல்லையும் கூடும், ஏனென்றால் நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர் தூரத்துப் பறவையைத்தான் குறிவைக்கிறார்.

பறவையை நெருங்க வழி இருக்கிறது. ஒக்டோபரில் பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும்போது மிசினுக்குப் பின்னால் கொக்குகள் கூட்டமாக வரும். கிளறிய சேற்றில் புழுவும் தவளையும் எடுக்கும். நத்தைகுத்தி நாரையும் வரும்; செம்பருந்து மேலே வட்டமிடும். மிசின் கடகடவென்று பக்கத்தில் போனாலும் அவை அசையாது. ஆனால் நான் வரம்பில் நடந்தால் எழும்பிவிடும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த வட்டைவிதானை ஒருவர் ஒருமுறை சொன்னார்: “தம்பி, அதுகளுக்கு உங்கட கெமராவில பயமில்ல. நீங்க நிமிந்து நடக்கிறதிலதான் பயம். அந்த வாடியடியில குந்துங்க, அதுகள் வரும்.” குந்தினேன். வந்தன. அன்றிலிருந்து நான் தூரத்தை மில்லிமீற்றரில் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. 400-இல் எடுத்த பறவை 600-இல் ஒன்றரை மடங்கு பெரிதாக விழும். அதே பெருப்பம் 400-இலும் கிடைக்க வேண்டுமானால் பதினைந்து மீற்றரில் நிற்பவர் பத்து மீற்றருக்குக் கிட்டப் போக வேண்டும். ஐந்து மீற்றர்தான் வித்தியாசம். 500-க்கும் 600-க்கும் இடையில் வித்தியாசம் அதைவிடக் குறைவு; பதினைந்து மீற்றருக்குப் பன்னிரண்டரை. இந்த இரண்டரை மீற்றருக்காகப் பணத்தை அள்ளிக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சிறிய சென்சர் கெமரா வைத்திருப்பவருக்கு இன்னொரு நன்மை உண்டு. நிக்கோன், சொனி என்றால் ஒன்றரை மடங்கு, கெனன் என்றால் 1.6 மடங்கு படத்தின் கோணம் குறுகும். கெனன் சிறிய சென்சரில் 400 லென்ஸ், முழுச் சென்சரில் 640 காட்டும் கோணத்தைக் காட்டும். பத்து மீற்றர் தூரத்தில் அது பிடிக்கும் அகலம் 55 சென்ரிமீற்றர். வெண்மார்பு மீன்கொத்தியின் நீளம் ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர். சட்டகத்தில் பாதியை மீன்கொத்தி நிறைத்துவிடும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

மீன்கொத்தி என்றதும் எங்கள் தோணாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊருக்குள்ளால் வந்து கடலைத் தேடும் அந்த நீர்நிலையைப் பலர் குப்பை போடும் இடமாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அது பள்ளிக்கூடம். குருட்டுக்கொக்கு, நீலத் தாழைக்கோழி, மீன்கொத்தி, நீர்க்காகம் எல்லாம் மனிதரோடு பழகி அங்கே இருக்கின்றன. பயம் குறைந்த பறவைகள் என்பதால் மிகக் கிட்ட வரும். அங்கே லென்ஸின் இன்னொரு குணம் முக்கியமாகிறது: எவ்வளவு கிட்ட வரை போகஸ் பிடிக்கும்? சிக்மாவின் 150-600 கொண்டெம்பரரிக்கு 2.8 மீற்றர். டெம்ரோன் 150-600-இன் முதல் பதிப்புக்கு 2.7, 2016-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு 2.2. கெனன் 100-400-இன் முதல் பதிப்புக்கு 1.8. அதன் இரண்டாம் பதிப்பு ஒரு மீற்றருக்கும் உள்ளே பிடிக்கும். தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் எடுக்க விரும்புகிறவருக்கு அந்த இரண்டாம் பதிப்பு இன்னொரு லென்ஸ் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

இவ்வளவு வகை லென்ஸ் எங்கள் கைக்கு வந்தது அண்மையில்தான். சென்னையில் இருந்த மா. கிருஷ்ணன் பல பாகங்களைத் தானே கூட்டிச் சேர்த்து அமைத்த பெரிய கெமராவோடு காட்டுக்குள் நடந்து யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். இலங்கையில் நிஹால் பெர்னாண்டோ எடுத்த காட்டுப் படங்கள் எங்கள் தலைமுறைக்கு வழிகாட்டின. அந்தக் காலத்தில் சூம் என்றால் படம் மங்கலாக வரும் என்பதே தொழில்காரரின் பேச்சு. குவியத் தூரம் மாறாத லென்ஸைத்தான் நம்பினார்கள். 1998-இல் கெனன் 100-400 எஃப் 4.5-5.6 வந்தபோது அந்தப் பேச்சு மாறத் தொடங்கியது. கைநடுக்கத்தைத் தணிக்கும் வசதியோடு 400 வரை போகும் லென்ஸ், எடை 1380 கிராம். 2013 கடைசியில் டெம்ரோன் 150-600 வந்தது. அமெரிக்காவில் அதன் ஆரம்ப விலை 1069 டொலர். அதுவரைக்கும் 600 என்பது பெரிய பணக்காரரின் பொருள். பிறகு சிக்மா, 2015-இல் நிக்கோன் 200-500 எஃப் 5.6, 2019-இல் சொனி 200-600, 2020-இல் கெனன் 100-500, 2023-இல் நிக்கோன் 180-600 என்று வரிசையாக வந்தன.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தடையும் இருந்தது. அப்போது கிழக்கு யால என்று அழைக்கப்பட்ட குமண சரணாலயம், 1985 முதல் 2003 வரை யுத்தத்தால் மூடிக் கிடந்தது. திறந்த பிறகும் 2009 வரை, நீண்ட லென்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போக எங்கள் ஆட்களுக்குத் துணிவு வரவில்லை. நான் கெனன் 100-400 முதல் பதிப்பைப் பழையதாக வாங்கியது யுத்தம் முடிந்த பிறகுதான். சில வருடங்கள் கழித்துக் கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் சிக்மா 150-600 கொண்டுவந்து தந்தார். இரண்டையும் மாறி மாறித் தூக்கியவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

எடையைப் பற்றிப் பேசுவோம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் முகத்தில் எவ்வளவு அகலமான கண்ணாடி தேவை என்று தெரியும். 400-ஐ 5.6-ஆல் வகுத்தால் 71. ஆகவே 77 மில்லிமீற்றர் பில்டர் போதும். 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95. அந்த 150-600, 200-600 லென்ஸ்கள் பெரும்பாலானவற்றின் பில்டரும் 95. அகலம் கூடினால் கண்ணாடி தடிக்கும், எடை ஏறும். சிக்மா கொண்டெம்பரரி 1930 கிராம், சொனி 2115, நிக்கோன் 200-500 பிடியோடு 2300. சிக்மாவின் ஸ்போர்ட்ஸ் 2860. கெனன் 100-500 மட்டும் 1400 கிராமுக்குள் நிற்கிறது. அதற்காக 500-இல் துளையை எஃப் 7.1 ஆகச் சுருக்கியிருக்கிறார்கள். விடியற்கால வெளிச்சத்தில் அந்தச் சுருக்கம் ஐஎஸ்ஓவை உயர்த்தச் செய்யும். புதிய மிரர்லெஸ் கெமராக்கள் அந்த உயர்ந்த ஐஎஸ்ஓவைத் தாங்கும். பழைய டிஎஸ்எல்ஆர் தாங்காது. கையிலிருக்கும் கெமராவைப் பார்க்காமல் லென்ஸை மட்டும் தெரிவுசெய்வது கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஐந்நூறு கிராம் என்ன பெரிய எடையா என்று இருபது வயதுப் பிள்ளை கேட்பார். கடற்கரையில் கரைவலை இழுக்கும் நேரம் போய்ப் பாருங்கள். வலையின் மடி கரையை நெருங்கும்போது செம்பருந்துகள் வந்து சுற்றும். எது எப்போது பாயும் என்று சொல்ல முடியாது. லென்ஸைக் கண்ணிலிருந்து இறக்கினால் படம் போய்விடும். கால் மணி நேரம் இரண்டு கிலோவுக்கு மேல் கையில் ஏந்தி, கெமராவின் எடையையும் சேர்த்து, வானத்தைப் பார்த்து நிற்பது வேறு வேலை. அந்த நேரத்தில் எனக்கு 100-400 தந்த படங்களை 150-600 தரவில்லை. பறவை திடீரென்று தலைக்கு மேலே வரும்போது 100-க்கு இறங்கிப் பிடித்துப் பிறகு 400-க்கு ஏறலாம். அந்த முதல் பதிப்பு இழுத்துத் தள்ளும் வகை. ஒரே இழுவையில் ஏறி இறங்கும். தூசியை உறிஞ்சும் என்று அதைப் பழிப்பார்கள். நீண்டு சுருங்கும் லென்ஸ் எல்லாமே காற்றை உள்ளே இழுக்கும்தான். சொனி 200-600, நிக்கோன் 180-600 இரண்டும் சூம் செய்யும்போது நீளாது. கடல் மணலும் உப்புக் காற்றும் உள்ள எங்கள் ஊருக்கு அது பெரிய நன்மை.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் இரண்டாயிரத்தில் ஒன்று வேண்டும். நடுக்கம் தணிக்கும் வசதி அங்கே உதவாது. அது நம் கையின் அசைவை நிறுத்தும், சிறகின் அசைவை நிறுத்தாது. கிளையில் அமைதியாக இருக்கும் பறவையை மங்கல் வெளிச்சத்தில் எடுக்கும்போதுதான் அதன் பெறுமதி தெரியும்.

குமணவுக்குப் போனால் கதை மாறும். பாணமையைத் தாண்டி உகந்தை முருகன் கோயிலுக்குப் பக்கத்தில்தான் சரணாலயத்தின் வாசல். நாங்கள் சுபஹைப் பொத்துவிலில் தொழுதுவிட்டுப் போவோம். குமண வில்லு ஏறத்தாழ 200 ஹெக்டெயர் சதுப்பு. கும்புக்கன் ஓயாவிலிருந்து தண்ணீர் வருகிறது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கரண்டிவாயன், சங்குவளை நாரை, அன்றில், கூழைக்கடா எல்லாம் அங்கே கூடு கட்டும். நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க அனுமதியில்லை. இறங்கவும் கூடாது. நெருங்கினால் தாய்ப்பறவை எழும்பும். வெயிலில் குஞ்சு காயும், காகம் முட்டையைத் தூக்கும். குந்தியிருந்து தூரத்தைக் குறைக்கும் வழி அங்கே இல்லாததால் 600-க்கு உண்மையான வேலை இருக்கிறது. எடையும் அங்கே தொல்லையில்லை. சீலைப் பைக்குள் நெல் நிரப்பி ஜீப்பின் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸை வைத்தால் எந்த முக்காலியும் தராத உறுதி கிடைக்கும். சாரதியிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள்.

யானைக்கு நேர்மாறு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை லகுகல குளத்தில் வளரும் பேருப் புல்லுக்கு யானைகள் கூட்டமாக வரும். 1980-இல் தேசியப் பூங்காவான அந்த இடம் மிகச் சிறியது. பொத்துவில் வீதியிலிருந்தே யானை தெரியும். சிறிய சென்சர் நிக்கோனில் 200-500 போட்டு, அதன் 200 முனையிலேயே முப்பது மீற்றரில் நிற்கும் அலியனைப் பார்த்தால் சட்டகத்தின் அகலம் மூன்றரை மீற்றர்தான். யானையில் பாதி வெளியே நிற்கும். 100-இல் என்றால் ஏழு மீற்றர். முழு யானையும் பக்கத்தில் குட்டியும் குளமும் வரும். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகிலிருந்து எடுக்கும்போதும் அப்படித்தான். நீந்தி வரும் யானையை அது வந்த தீவோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்னும் படங்களை யாழ்ப்பாணத்துப் புகைப்படக் கலைஞர் ஒருவர் எடுத்து, 2020-இல் அவை உலகமெங்கும் பேசப்பட்டன. அந்தப் படங்களின் பலம் யானையின் கண்ணில் இல்லை. அதன் காலடியில் பரந்து கிடக்கும் குப்பையில் இருக்கிறது. 600-இல் யானையின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்திருந்தால் யாருக்கும் எதுவும் விளங்கியிருக்காது. எங்கள் மாவட்டத்தில் யானையும் மனிதரும் ஒரே நிலத்துக்காக உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக் காட்ட விரும்புகிறவருக்கு லென்ஸின் குறுகிய முனை நீண்ட முனையைவிட முக்கியம்.

டெலிகொன்வேட்டர் போட்டு 400-ஐ 560 ஆக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1.4 மடங்கு கொன்வேட்டர் ஒரு ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்னும், எஃப் 5.6 எஃப் 8 ஆகும். பழைய டிஎஸ்எல்ஆர் பலவற்றில் ஓட்டோ போகஸ் அங்கே நின்றுவிடும். மிரர்லெஸ்ஸில் ஓடும். நம் நெளியும் காற்றில் அதனால் கிடைப்பது கொஞ்சம்தான். அந்தக் காசுக்குக் குமணவுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

விலை பற்றி எல்லோருக்கும் தெரியும். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தது. அந்த மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. இரண்டாயிரம் டொலர் லென்ஸ் நான்கு இலட்சத்திலிருந்து ஏழு இலட்சத்துக்கு மேல் போய்விட்டது. அதனால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பழைய லென்ஸைத்தான் வாங்குகிறார்கள். அதில் வெட்கமில்லை, நானும் அப்படித் தொடங்கியவன்தான்.

என் தீர்ப்பு இது. சிறிய சென்சர் டிஎஸ்எல்ஆர் கையில் இருந்தால், வட்டையும் கடற்கரையும் லகுகலையும் உங்கள் இடங்களானால், 100-400 வாங்குங்கள். கெனனுக்கு இரண்டாம் பதிப்பு கிடைத்தால் மிக நன்று. முதல் பதிப்பும் தாழ்வில்லை. குமணதான் உங்கள் கனவு, கூடுகளும் தூரத்து நாரைகளும்தான் வேண்டும் என்றால் 150-600 வாங்குங்கள். அதை 600-இல் எஃப் 8-க்குச் சுருக்கி எடுத்தால் படம் இன்னும் துல்லியமாகும். மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டவர், பணமும் இருந்தால், நீளாமல் சூம் ஆகும் 200-600, 180-600 இரண்டில் தன் கெமராவுக்குப் பொருந்துவதை எடுக்கலாம்.

பழையதை வாங்கும்போது கடை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். டோர்ச் அடித்து இரு பக்கத்தாலும் உள்ளே பாருங்கள். எங்கள் கரையில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை அடைமழை. அலுமாரிக்குள் துணிப்பையோடு வைத்த லென்ஸில் பூஞ்சணம் மெல்லிய நூலாகப் படரும். சூம் வளையத்தைச் சுழற்றிக் காதில் வைத்துக் கேளுங்கள். மணல் இருந்தால் கரகரக்கும். லென்ஸைத் தரையை நோக்கிப் பிடித்துத் தானாக நீள்கிறதா என்று பாருங்கள். பிறகு விடியற்காலையில் வெளியே கொண்டுபோய், நீண்ட முனையில், துளையை முழுக்கத் திறந்து, ஐந்து மீற்றரிலும் முப்பது மீற்றரிலும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வாங்கிய பின் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் அவசியம். நீலமணி இளஞ்சிவப்பானால் சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்பவும் பாவிக்கலாம். கடற்கரையிலிருந்து வந்தால் உப்பை உலர்ந்த சீலையால் தேய்க்காமல், லேசாக ஈரமாக்கிய சீலையால் ஒற்றியெடுங்கள்.

பூஞ்சணம் கண்ணில் பட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த லென்ஸை வாங்காதீர்கள். கழுவினாலும் கண்ணாடியின் பூச்சில் அதன் தழும்பு நின்றுவிடும்.